கருத்து நோட்டும் நெஞ்சு வலியும்

என் இதயம் நன்றாக இருக்கிறது என்று இதுவரை மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் இருவரை நான் நம்பவில்லை. மூன்றாவது டாக்டரை நம்பினேன். அவர் இதயத்தோடு நிறுத்தாமல் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது எனக்குப் பரவாயில்லை. அது தெரிந்த நாளிலிருந்து எங்கள் பங்குக் கோயில் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போன் செய்து, "ஸ்டெல்லாக்கா, உங்களுக்கு என்னதான் வந்துச்சு, எப்படிச் சரியாச்சு" என்று கேட்கிறார்கள். இருபது பேருக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிட்டால் படித்துக்கொள்வார்கள்.

நாங்கள் தென்னூரில் இருக்கிறோம். நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிளார்க். வீட்டுக்காரர் அந்தோணி ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். தலையணையில் தலை படுவதற்கு முன்பே குறட்டை ஆரம்பித்துவிடும் மனிதர். ஒரே மகள் ரீனா. நர்ஸ். தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே, ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று ஒன்றரை வருடம் ஜெர்மன் மொழி படித்தாள். குளியலறையில்கூட அந்தப் பாஷையில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருப்பாள். அவள் அப்பா வெளியே நின்று, "உள்ள யாரு பாப்பா, துரையா?" என்று கேட்பார்.

அடுத்து, கருத்து நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில், அதாவது எங்கள் சர்ச்சைச் சேர்ந்த பகுதியில், தெருத் தெருவாகப் பிரித்து முப்பது குடும்பங்களை ஓர் அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். வாரம் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, ஜெபமாலை சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைவோம். யாருக்காக, எதற்காக வேண்டிக்கொள்கிறோமோ அதைக் கருத்து என்போம். அவரவர் கருத்தைச் சொல்ல, ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த ஒருவர் ஏழு வருடமாக நான்தான். எப்போதோ ஒரு பெண்ணுக்கு நான் வேண்டிக்கொண்ட வாரத்தில் வேலை கிடைத்துவிட்டது. அதிலிருந்து, "ஸ்டெல்லாக்கா ஜெபிச்சா நடக்கும்" என்று பெயராகிவிட்டது. கூட்டத்துக்குக் காத்திராமல் போனிலேயே கருத்து வர ஆரம்பித்தது. அறுவை சிகிச்சை, ஆதார் கார்டு, மாமியார், மழை, எல்லாம் வரும். எனக்குப் பெருமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ராத்திரி படுத்ததும் நோட்டில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்வேன். பிறகு என் சொந்தக் கருத்துகள். ரீனாவின் ஸ்கூட்டி, வீட்டுக்காரருடைய சர்க்கரை, கேஸ் சிலிண்டர் டியூப், பள்ளியில் நான் அனுப்பிய பட்டியலில் பிழை இருக்குமோ, மேலே தண்ணீர்த் தொட்டி மூடி காற்றில் பறந்திருக்குமோ. முடித்த பிறகு யாரையாவது விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வரும். மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கழுத்தும் தோளும் கல்லாக இறுகிக் கிடந்தன. காலையில் எழும்போதே ஊரைச் சுற்றி வந்தவள்போல் களைப்பு. ஒரே பட்டியலை நான்கு முறை சரிபார்ப்பேன், ஐந்தாவது முறையும் மனசு கேட்காது. குக்கர் விசில் அடித்தால் குக்கரைத் திட்டுவேன். வயசு ஐம்பது நெருங்குகிறது, அதனால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

ஜூன் மாதம் ஜெர்மனியிலிருந்து ரீனாவுக்கு ஒப்பந்தம் வந்தது. ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு மருத்துவமனை. ஆகஸ்ட் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும். வீட்டில் கேசரி கிண்டினேன். அதே வாரம் அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலையின் நான்காம் ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தபோது நெஞ்சை யாரோ உள்ளங்கையால் அழுத்துவது போல் இருந்தது. மூச்சு பாதியில் நின்றது. கைவிரல்கள் மரத்துப்போயின. பத்து நிமிடத்தில் என்னை ஆட்டோவில் ஏற்றித் தில்லை நகரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் இரண்டு ஆட்டோ நிறைய அன்பியம் வந்தது.

அங்கே இரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். ட்ரோபோனின் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத் தசைக்கு அடிபட்டால் அந்தப் பொருள் ரத்தத்தில் கசியுமாம். சில மணி நேரம் விட்டு இரண்டாவது முறையும் பார்த்தார்கள். எக்கோ எடுத்தார்கள், அது இதயத்தை ஸ்கேன் மாதிரி திரையில் காட்டுவது. என் இதயம் வாலை ஆட்டும் மீன்போலத் துடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். மறுநாள் ஓடும் பட்டையில் நடக்க வைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்றார் இதய டாக்டர். ஒன்றும் இல்லாமலா இரண்டு ஆட்டோ வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு நாளில் என்னைப் பயமுறுத்தியது ஒரே ஒரு நிகழ்ச்சி. சாயங்காலம் கண் மூடிப் படுத்திருந்தேன். திறந்தால் வாசலில் பங்குச் சாமியார், கையில் சாகக் கிடப்பவர்களுக்கு நோயில் பூசும் எண்ணெய்க் குப்பி. சரி, என்னிடம் மறைத்துவிட்டார்கள், கதை முடிந்தது என்று எனக்குக் கண்ணீர் பொங்கியது. "ஃபாதர், ரீனாவை மட்டும் பார்த்துக்குங்க" என்றேன். அவர் குழம்பிப்போய், "ஸ்டெல்லாம்மா, நீங்க இங்கயா இருக்கீங்க? நான் பக்கத்து ரூம் தாத்தாவுக்கு வந்தேன்" என்றார். அந்தோணி சிரிப்பை அடக்க வெளியே போனார். அவர் அந்த இரண்டு நாளும் லீவு போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். ஆனால் நான் அசைந்தால் போதும், எழுந்துவிடுவார். அப்படி ஒரு தூக்கம் அவருக்கு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்தும் வலி போகவில்லை. வயிறாக இருக்கும் என்று எண்டோஸ்கோப்பி பார்த்தோம். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பது. பேசப் பிடிக்காதவர்களுக்கு நல்ல பரிசோதனை. லேசான புண் இருக்கிறது, அதனால் இவ்வளவு வலி வராது என்றார் வயிற்று டாக்டர். இதயத்தையும் அவரே ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். கழுத்துக்குப் பிசியோதெரபி போனேன். என் ஃபைல் பள்ளியில் நான் பராமரிக்கும் எந்த ஃபைலையும்விடத் தடித்தது.

ரீனா ஒப்பந்தத்தை மேசை டிராயரில் வைத்துவிட்டாள். ஒருநாள் நானே கேட்டேன். "உனக்கு வலி நிக்கட்டும்மா. நெஞ்சு வலிக்காரிய விட்டுட்டு நான் அங்க போய் யாருக்கோ பிரஷர் பார்த்துக்கிட்டு இருக்கவா?" என்றாள். அப்போது எனக்குள் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நிம்மதி வந்தது. போக மாட்டாள், என் கண் முன்னாலேயே இருப்பாள் என்ற நிம்மதி. அடுத்த நிமிடமே அதற்காக வெட்கப்பட்டேன். ஒன்றரை வருடம் விடியற்காலையில் எழுந்து படித்த பிள்ளை. என் வலி அவள் தாவணியைப் பிடித்து இழுக்கிறது என்று புரிந்தது, ஆனால் வலியை நான் வேண்டுமென்றா வரவழைக்கிறேன்? அது நிஜமாகவே வலித்தது.

ஜூலை நடுவில் ரீனா என்னை டாக்டர் ஷமீமாவிடம் அழைத்துப் போனாள். தில்லை நகரில்தான். பொது மருத்துவர், இளம் வயது. என் ஃபைலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அதுவரை யாரும் செய்யாத காரியம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும் என்று அதற்கு மட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார், அதுவும் சரியாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை காபி என்று கேட்டார். ஐந்து என்றேன். ஆறு என்றாள் ரீனா.

"கவலை அதிகமா படுவீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். நான் எதுக்கும் கவலைப்பட மாட்டேன். எல்லாத்தையும் ஜெபத்துல வெச்சிடுவேன்."

"ஆமா டாக்டர், அம்மா ரொம்ப தைரியம்" என்றாள் ரீனா.

ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தீர்கள், கவலையை நிறுத்த முடியாமல் இருந்தீர்களா, ஏதோ மோசமாக நடக்கப்போகிறது என்று பயந்தீர்களா, இப்படி. ஏழுக்கும் 'இல்லவே இல்லை' என்று டிக் அடித்தேன். பொய் சொல்லவில்லை. கவலை என்பது விசுவாசம் இல்லாதவர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். ஜெபமாலை விரலில் இறுகி, விரல் நுனி வெளுத்திருந்தது.

"நேத்து என்னென்ன ஜெபிச்சீங்க? சும்மா சொல்லுங்களேன், கேப்போம்" என்றார்.

நல்ல பிள்ளை, வேற்று மதமானாலும் கேட்கிறதே என்று சந்தோஷமாக ஆரம்பித்தேன். பிலோமினா அக்கா மாடியில் குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சகாயம் அண்ணனுக்குத் தூக்கம் வர வேண்டும். ரீனா வரும் வழியில் பாலத்தில் லாரி வரக் கூடாது. லாரி வந்தாலும் டிரைவர் குடித்திருக்கக் கூடாது. குடித்திருந்தாலும் ரீனா ஓரமாக வர வேண்டும். ஓரத்தில் மணல் இருக்கக் கூடாது. ஜெர்மனியில் பனி பெய்யும், வழுக்கும், ரீனா விழக் கூடாது. விழுந்தால் பக்கத்தில் தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்க வேண்டும். சொல்லிக்கொண்டே போனேன். வெளியே நர்ஸ் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தார். டாக்டர் கையசைத்து அனுப்பிவிட்டார்.

"இதெல்லாம் சொல்லி முடிச்சதும் மனசு லேசாகுமா?"

"எங்க டாக்டர் முடியுது. யாரையாவது விட்டுட்டோமோன்னு திரும்ப முதல்ல இருந்து வரும்."

"ஒருத்தர விட்டா என்ன ஆகும்?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அதை வாய்விட்டு அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அவங்களுக்கு ஏதாவது ஆனா, அது நான் விட்டதால ஆனது" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ரீனா என்னை முதல் முறை பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

டாக்டர் அதே தாளை இன்னொரு முறை கொடுத்து, "இப்ப சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு டிக் பண்ணுங்க" என்றார். கூட்டினால் இருபத்தொன்றுக்குப் பதினாறு. என் மகளுடைய கணக்குப் பாட மார்க்கை விடப் பரவாயில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். இதற்குப் பொதுப் பதற்றக் கோளாறு என்று பெயர். கவலை எல்லோருக்கும் வரும், காரணம் போனால் கவலையும் போகும். இந்த நோயில் ஒரு காரணம் போனதும் அடுத்தது வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், பல விஷயங்களைப் பற்றி, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் வந்தால், கூடவே களைப்பு, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கமின்மை இருந்தால் இதுவாக இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். வேறு நோய் இல்லை என்று பார்த்துவிட்டு முடிவு செய்வார்கள். பலர் கவலை என்று சொல்லி டாக்டரிடம் வருவதில்லை. நெஞ்சு, வயிறு, கழுத்து என்றுதான் வருவார்கள். "உங்க வலி நிஜம். உங்க இதயம் நல்லா இருக்கறதும் நிஜம்" என்றார். "உங்க ஜெபத்துல ஒரு தப்பும் இல்லம்மா. நோய் அதுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிச்சு, அவ்வளவுதான். எங்க வீட்டுலயும் பெரியவங்க தஸ்பீ மாலை உருட்டி ஜெபிப்பாங்க. அவங்க முடிச்சதும் நல்லா சாப்பிடுவாங்க."

ஆட்டோவில் வரும்போது ரீனா என் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தாள். தென்னூர் வந்ததும், "இது அஞ்சு மார்க் கேள்விம்மா. பரீட்சைல எழுதியிருக்கேன். முழு மார்க் வாங்கினேன்" என்றாள். வீட்டு வாசலில் நின்று அழுதாள். நான்தான் தேற்ற வேண்டியதாயிற்று. கூடவே இருப்பவர்களுக்கு இது தெரியாது. 'அம்மா அப்படித்தான்' என்று பழகிப்போயிருக்கும்.

மனநல டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார் டாக்டர் ஷமீமா. எனக்குப் பைத்தியமா என்று அந்தோணியிடம் கேட்டேன். "பைத்தியம்னா பத்து நிமிஷத்துல ஏழு கருத்து சொல்ல முடியுமா? மூளை நல்லாத்தான் ஓடுது, நிறுத்தற பட்டன்தான் ரிப்பேர்" என்றார் ஃபிட்டர். ஆனாலும் பங்கில் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்தேன். உத்திர வீதியில் ஒரு வீட்டின் முன்கட்டில் அவருடைய கிளினிக். சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே நுழைந்தால், ஃபேனுக்குக் கீழே ஏழாம் நம்பர் டோக்கனுடன் சகாயம் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் அன்பியத்தின் பொருளாளர்.

"என்ன ஸ்டெல்லா, இந்தப் பக்கம்?" என்றார் திடுக்கிட்டு.

"சும்மாண்ணே. ராஜகோபுரம் பார்க்கலாம்னு வந்தேன். நீங்க?"

"நானும் அதுக்குத்தான்."

இருவரும் சுவரைப் பார்த்தோம். பிறகு அவருக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே மடிசாரில் உட்கார்ந்திருந்த மாமி காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார். ஓய்வு பெற்றதிலிருந்து தூக்கம் இல்லை, மூன்று மாதமாக இங்கே வருகிறேன் என்றார் அண்ணன். அவருடைய தூக்கத்துக்காக நான் அதே மூன்று மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வைதேகி கணீரென்று பேசுவார். ஒரு மாத்திரை எழுதினார். பெயர் சொல்ல மாட்டேன். நீங்கள் நேராக மெடிக்கலில் போய்க் கேட்பீர்கள். "உடனே கேக்காது. நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். மொதல்ல வயத்தப் பொரட்டும், படபடப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகக்கூட இருக்கும். பயந்துண்டு நிறுத்திடப்படாது" என்றார். அப்படியேதான் நடந்தது. பத்து நாள் வயிறு புரட்டியது, பிறகு அடங்கியது. காபி இரண்டாகக் குறைந்தது. அதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

வாரம் ஒருமுறை அவரிடம் பேச்சு வழிச் சிகிச்சை. கவலைக்குத் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னார். மற்ற நேரத்தில் வந்தால், ஆறு மணிக்கு வா என்று அனுப்ப வேண்டும். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் பாதி கவலைகள் வரவே இல்லை. பிறகு ஒரு வேலை கொடுத்தார். இந்த வாரம் நோட்டிலிருந்து ஒருவரை வேண்டுமென்றே விட வேண்டும். என்ன ஆகும் என்று நினைக்கிறேனோ அதை முன்னாலேயே எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்துவிட்டுப் பிலோமினா அக்காவின் குடித்தனக்காரரை விட்டேன். அந்த வாரமே அவர் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலி செய்துவிட்டார். எட்டு மாதம் நான் ஜெபித்தும் அசையாத மனிதர். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. நோட்டை மாதம் ஒரு வீடு வைத்துக்கொள்வது என்று பிறகு அன்பியத்தில் முடிவானது. நான் இப்போதும் ஜெபிக்கிறேன். ஒரு முறை சொல்கிறேன், ஆமென் சொல்கிறேன், படுக்கிறேன்.

ஆகஸ்ட் கடைசி வாரம் டாக்டர் வைதேகி கேட்டார். "பொண்ணு ஜெர்மனி போறதப் பத்தி என்ன நெனைக்கறேள்?"

"எனக்குச் சரியானதும் போகட்டும் டாக்டர்."

"வலி சுத்தமா நிக்கற நாள்னு ஒண்ணு இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே. கொறையும். சில நாள் எட்டிப் பாக்கும். அன்னிக்கும் உங்க காரியம் நடக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது கோபமாக இருந்தது. பணம் கொடுத்து இதைக் கேட்கவா பாலம் தாண்டினேன்? காவிரியைத் தாண்டும்போதே கோபம் போய்விட்டது. அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது.

ஒப்பந்தம் அனுப்பக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. பத்து நாளாக வலி அநேகமாக இல்லை. ரீனாவும் மெல்ல மெல்லச் சம்மதித்திருந்தாள். டிராயரிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். கையெழுத்துப் போட்டுத் தில்லை நகரில் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, இரவு டூட்டிக்குப் போக வேண்டும். மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அது வந்தது. அதே உள்ளங்கை, அதே அழுத்தம். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னால் அவள் பேனாவை வைத்துவிடுவாள். சொல்லாமல் மறைத்தால், அங்கே போன பிறகு அம்மா எதையெல்லாம் மறைக்கிறாளோ என்று பிள்ளைக்கு ஆயுசுக்கும் சந்தேகம் இருக்கும். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நர்ஸ் இல்லையா. "நெஞ்சு வலிக்குதாம்மா?"

"வலிக்குது" என்றேன். "நீ கையெழுத்துப் போடு."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். அந்தோணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார். நான் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினேன். "எனக்குப் பயமாத்தான் பாப்பா இருக்கு. நீ போனாலும் இருக்கும், போகலேன்னாலும் இருக்கும். நான் பார்த்துக்கறேன்."

ரீனா பேனாவை வாங்கிக்கொண்டாள். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உதடு அசைய எண்ணிக்கொண்டே, வலது கையால் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

"எண்பத்தெட்டு" என்றாள். கையை விடவில்லை.